ஆள் இருந்தால் கேட்கும்

சத்யகலாவைப் பத்தி விசாரிக்கவா வந்தீங்க? அதுக்கு ஏன் சார் வாசல்லயே நின்னு பேசணும், உள்ள வாங்க. செருப்பை அங்க விட்டுட்டு, அந்த மருந்துத் தண்ணியில காலை நனைச்சுட்டு வாங்க. முதலாளியே வந்தாலும் இங்க அப்படித்தான். இறால் குஞ்சு பொரிக்கிற இடம், ஒரு கிருமி உள்ள போச்சுன்னா தொட்டியோட கொட்ட வேண்டியதுதான். உங்களுக்குத் தெரியாததா, நீங்களும் குஞ்சுப் பண்ணைதானே வச்சிருக்கீங்க. உக்காருங்க. காபி சொல்லியிருக்கேன்.

உங்ககிட்ட வேலை கேட்டிருக்காளா? கேக்கட்டும், கேக்கட்டும். நான் இல்லாததையும் பொல்லாததையும் சொல்ற ஆள் கிடையாது. மேனேஜர் தட்சிணாமூர்த்தின்னு மரக்காணம் பூரா கேட்டுப் பாருங்க. நடந்தது என்னவோ அதைச் சொல்றேன். எடுத்துக்கறதும் விடறதும் உங்க இஷ்டம். எடுக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன், அதையும் முன்கூட்டியே சொல்லிடறேன்.

வேலை தெரியுமான்னு கேட்டா, தெரியும். அதுல குத்தம் சொன்னா என் நாக்கு அழுகிடும். ஒரு கண்ணாடி டம்ளர்ல குஞ்சை மொண்டு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சாள்னா, தீனி பத்தலையா, தண்ணி சரியில்லையா, சொல்லிடுவா. சரியாத்தான் இருக்கும். ஆனா வேலை தெரிஞ்சா மட்டும் போதுமா சார்? பெரியவங்க சொன்னா கேக்கணுமா இல்லையா? தொடாதேன்னா தொடக்கூடாதுல்ல?

எதைத் தொட்டாள்னுதானே கேக்கறீங்க? சொல்றேன், அவசரப்படாதீங்க. அதோ, கண்ணாடிக் கதவு போட்ட ரூம் தெரியுதே, அதுக்குள்ள இருக்கற கம்ப்யூட்டரை.

கரண்ட் போனா தொட்டிக்குக் காத்து ஊதற புளோயர் நின்னுடும். காத்து நின்னா குஞ்சு மூச்சு முட்டிப் போயிடும், அரை மணி தாங்கினாலே பெரிசு. அதனால முன்னெல்லாம் கரண்ட் போன உடனே ஜெனரேட்டர் தானா கிளம்பற மாதிரி வச்சிருந்தோம். ஒருநாள் எலக்ட்ரீசியன் மெயினை அணைச்சுட்டுப் பேனலுக்குள்ள கையை விட்டிருக்கான். கம்ப்யூட்டர் கரண்ட்தான் போயிடுச்சுன்னு நெனச்சு ஜெனரேட்டரைப் போட்டுடுச்சு. ஆளைத் தூக்கி அடிச்சுது சார். உயிர் தப்பினது அவன் பொண்டாட்டி தாலி பாக்கியம், ரெண்டு விரல் கருகிப்போச்சு. அதுக்கப்புறந்தான் முதலாளி பாண்டிச்சேரியிலேர்ந்து பிரசன்னான்னு ஒரு பையனைக் கூட்டிட்டு வந்து புரோகிராமை மாத்தி எழுத வச்சார்.

பையன் கெட்டிக்காரன். என்ன பண்ணினான்னா, கம்ப்யூட்டர் முன்னாடி ஆள் இருந்தா, "ஜெனரேட்டரைப் போடலாமா?"ன்னு கேக்கும். ஆமான்னு தட்டினாத்தான் போடும். ஆள் இல்லேன்னா கேக்காது. யார்கிட்ட கேக்கறது? கொஞ்சம் பொறுத்துப் பார்த்துட்டு, சைரனை அடிச்சுட்டு, தானே போட்டுக்கும். ஆள் இருந்தா கேக்கும், இல்லேன்னா கேக்காது, அவ்வளவுதான் விஷயம்.

"ஆள் இருக்கறது அதுக்கு எப்படிடா தெரியும், கண்ணா வச்சிருக்கே?"ன்னு கேட்டேன். "பட்டன் எதையாவது தட்டிக்கிட்டு இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம் சார். ரொம்ப நேரமா யாரும் எதையும் தட்டலைன்னா ஆள் இல்லைன்னு எடுத்துக்கும்"னான். "நாற்காலியில உக்காந்தே தூங்கறான் பாரு, அவனை என்னன்னு எடுத்துக்கும்?"னேன். "அவனும் ஆள் இல்லைதான் சார்"னான். சிரிச்சுட்டேன். இங்க ரெண்டு மூணு பேரு அப்படி இருக்கான்.

இப்ப ஆயுத பூஜைக்கு வருவோம். மத்த எடம் மாதிரி ஒரு பொட்டை வச்சு ஊதுபத்தியைக் காட்டிட்டுப் போறவன் இல்லை நான். முதல் நாளே எல்லாத்தையும் கழுவி, பம்பு, புளோயர், ஜெனரேட்டர் எல்லாத்துக்கும் பட்டை போட்டு மாலை போடுவேன். பூஜையில வச்சா வச்சதுதான். மறுநாள் விஜயதசமி காலையில மறுபூஜை பண்ணி எடுக்கற வரைக்கும் ஒருத்தன் கை படக்கூடாது. மெஷின் ஓடலாம், குஞ்சுக்குக் காத்து வேணுமே. கைதான் படக்கூடாது.

கம்ப்யூட்டருக்குத்தான் முதல் பூஜை. மேஜை சின்னது. சரஸ்வதி படத்தைத் திரையோட ஓரத்துல சாய்ச்சு வச்சேன். கீபோர்டு மேல மஞ்சள் துணியை விரிச்சு, அதுக்கு மேல தாம்பாளம். பித்தளைத் தாம்பாளம் சார், எங்க மாமனார் வீட்டுச் சீர், ஒத்தைக் கையால தூக்க முடியாது. பொரி, கடலை, தேங்காய், பழம், அப்புறம் ஸ்பேனர், ஜெனரேட்டர் ரூம் சாவி, பேனல் சாவின்னு எல்லாம் அதுல. சாவியும் ஆயுதம்தானே?

அன்னைக்குக் காலையில கூட்டற அக்கா வந்து காதோட காதா சொல்லுது, "கலா தூரமாம் சார், பூஜைக்கு உள்ள வராது, வெளியவே நிக்குது"ன்னு. எனக்கு நல்லதாப் போச்சுன்னு இருந்துச்சு. ஏன் சொல்றேன்னா, மத்தியானத்துக்கு மேல யாராவது ஒருத்தர் இங்க இருந்தாகணும். ஆனா எல்லாருக்கும் வீட்டுல பூஜை இருக்கு, வண்டிக்குப் பூஜை இருக்கு. இவளைத்தான் அன்னைக்கு எந்தப் பூஜையிலயும் சேர்க்க மாட்டாங்களே. இவளை இருக்கச் சொல்லிட்டா யார் மனசும் நோகாது பாருங்க.

கூப்பிட்டுச் சொன்னேன். "தொட்டிங்களைப் பார்த்துக்கோ. அந்த ரூம் படியை மட்டும் மிதிக்காதே. எதையும் தொட்டுடாதே." தலையை ஆட்டினா. அப்புறம் ஒரு கேள்வி கேட்டா, அதை மறைக்க மாட்டேன். "கரண்ட் போனா என்ன சார் பண்றது?" நான் சொன்னேன், "உள்ளதான் யாரும் இல்லையே, அதுவே போட்டுக்கும். நீ வெளிய இருக்கறது அதுக்குக் கணக்கு இல்லை"ன்னு. சரியாத்தானே சொன்னேன்?

அந்த சீசன் எப்படிப்பட்ட சீசன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை நோய் வந்து தொட்டி தொட்டியா கொட்டியிருந்தோம். இந்தக் குஞ்சும் போச்சுன்னா பண்ணையை மூடிடறேன்னு முதலாளி என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். விஜயதசமி காலையில நெல்லூர்லேர்ந்து வண்டி வருது ஏத்திட்டுப் போக. எட்டுத் தொட்டியிலயும் குஞ்சு தயாரா நிக்குது. அது பொழைச்சா பண்ணை பொழைக்கும், இல்லேன்னா நான் உட்பட எல்லாரும் தெருவுலதான்.

நான் வீட்டுக்குப் போனேன். ஸ்கூட்டருக்குப் பூஜை. சாவியோட போனையும் சைலண்ட்ல போட்டுப் படத்துக்கு முன்னாடி வச்சேன். ஏன் சிரிக்கிறீங்க? போன் இல்லாம இன்னைக்கு எவன் வேலை நடக்குது? அதுவும் ஆயுதம்தான். பூசணிக்காயைத் தூக்கிட்டுத் தெருவுக்கு வர்றேன், பட்டுனு ஊர் பூரா கரண்ட் போச்சு. எனக்குக் கொஞ்சம்கூடப் பதட்டம் இல்லை சார். அங்க அதுவே பார்த்துக்கும்னு காயை உடைச்சேன், உள்ள போயி இலை போட்டு வடை பாயசத்தோட சாப்பிட்டேன்.

இங்க நடந்ததை அப்புறம் கேமராவுலதான் பார்த்தேன். ரூம்ல ஒண்ணு, தொட்டிக்கிட்ட ஒண்ணு, கம்ப்யூட்டர் மாதிரியே ரெண்டும் பேட்டரியில ஓடற கேமரா.

கரண்ட் போன உடனே அவ தலையை நிமிர்த்தறா. ஜெனரேட்டர் ஷெட்டைப் பார்த்துக்கிட்டே நிக்கறா. இப்பக் கிளம்பும், இப்பக் கிளம்பும்னு. கிளம்பலை. ரூமுக்குள்ள "டொய்ங் டொய்ங்"னு சத்தம். ஓடி வந்து கண்ணாடி வழியா பார்க்கறா. திரையில கேள்வி நிக்குது. "ஜெனரேட்டரைப் போடலாமா?" உடனே, பதில் சரியில்லைங்குது. மறுபடி, "போடலாமா?" மறுபடி, பதில் சரியில்லை. தாம்பாளம் கனத்துல கீழ ஏதோ பட்டன் அமுங்கிக் கிடந்திருக்கு. அது என்ன செய்யும் பாவம், ஆள் இருக்குன்னு நெனச்சுக்கிச்சு. பொரியும் தேங்காயும் வச்ச தாம்பாளத்துகிட்ட விடாம கேட்டுக்கிட்டே இருக்கு.

ஷெட்டைத் திறந்து கையாலயே போட்டிருக்கலாமேங்கறீங்களா? சாவி எங்க இருக்கு? தாம்பாளத்துல. அதான் சொன்னேனே.

எனக்குப் போன் போட்டிருக்கா. போட்டுக்கிட்டே இருந்திருக்கா. என் போன் சாமி முன்னாடி மினுக்கு மினுக்குனு மின்னிக்கிட்டுக் கிடந்திருக்கு. அப்புறம் பாண்டிச்சேரிக்கு, அந்தப் பிரசன்னாவுக்கு. "கேள்வி கேக்குதுன்னா யாரோ முன்னாடி இருக்காங்க. யாருங்க அது?"ங்கறான் அவன். "யாரும் இல்லைண்ணா." "இல்லை, யாரோ பட்டனை அமுக்கறாங்க. உள்ள போய்ப் பாருங்க." "நான் உள்ள போகக்கூடாதுண்ணா." "ஏன் போகக்கூடாது?" அவன்கிட்ட அவ எப்படிச் சொல்லுவா? மறுபடி கண்ணாடி வழியா உள்ள பார்க்கறா. அப்புறம், "தாம்பாளம் ஒண்ணு இருக்கு"ன்னிருக்கா. "ஐயோ, அதை எடுங்க! எடுத்துட்டு ஆமான்னு தட்டுங்க!"ன்னு அவன் கத்தியிருக்கான்.

அவ உள்ள போகலை. அதுவரைக்கும் அவ நல்லவதான் சார். கேட்டுக்கு ஓடினா, யாராவது வந்தா எடுக்கச் சொல்லலாம்னு. ஆயுத பூஜை மத்தியானம் எந்தப் பய ரோட்டுல இருக்கான்? செருப்போடயே திரும்பி ஓடி வந்து வாளியை எடுத்தா. தொட்டித் தண்ணியை மொண்டு, தலைக்கு மேல தூக்கி, சளசளன்னு ஊத்தறா. ஊத்தற தண்ணியோட கொஞ்சம் காத்து உள்ள போகும்ல, அந்த யோசனை. ஒரு தொட்டிக்கு ஊத்தறா, அடுத்ததுக்கு ஓடறா. எட்டுத் தொட்டி, ரெண்டு கை. கடைசித் தொட்டிக்குப் போறதுக்குள்ள முதல் தொட்டியில குஞ்செல்லாம் மேல வந்து ஓரத்துல அப்பிக்கிச்சு. அது மேல வந்தா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். கேமராவுல பார்க்கும்போதே நான் "ஏய், ஏய்"னு கத்திட்டேன், என்னமோ அப்பத்தான் நடக்கற மாதிரி.

வாளியைப் போட்டுட்டு, குஞ்சு அள்ற வலைக் கழியை எடுத்துக்கிட்டு ரூமுக்கு வந்தா. படியில ஏறலை. வாசல்ல நின்னுக்கிட்டே கழியை நீட்டித் தாம்பாளத்தைத் தள்ளப் பார்க்கறா. அது நகருமா? கழி வழுக்கி சரஸ்வதி படத்துல இடிச்சுது. படம் ஆடுது. அப்படியே கழியைக் கீழ போட்டுட்டு வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறா. பொத்திக்கிட்டு நின்னவ தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தா. ரூமைப் பார்த்தா. செருப்பைக் கழட்டினா.

உள்ள போயிட்டா சார். தூரமா இருக்கறவ, பூஜை போட்ட ரூமுக்குள்ள.

ரெண்டு கையாலயும் தாம்பாளத்தைத் தூக்கினா. ஒரு பொரி சிந்தலை, அதை ஒத்துக்கறேன். ஆனா எங்க வச்சா? நாற்காலியில! மனுஷன் உக்கார்ற நாற்காலியில சாமி தாம்பாளத்தை வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க. கீழ வைக்க மனசு வரலைன்னு அப்புறம் சொன்னா. மஞ்சள் துணியை எடுத்தா, ஆமான்னு தட்டினா. ஜெனரேட்டர் கிளம்பிடுச்சு. புளோயர் ஓடுது, தொட்டியெல்லாம் நுரைக்குது. அவ வாசலுக்கு வந்து, படத்தைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டா. போட்டுக்கிட்டே இருந்தா. போன் இன்னும் வெட்டாம இருந்திருக்கு, "அழுதாங்க சார்"னு பிரசன்னா சொன்னான்.

நான் சாயங்காலம் போல வர்றேன். ஜெனரேட்டர் ஓடற சத்தம் கேக்குது. பார்த்தியா, தானே போட்டுக்கிச்சுன்னு சந்தோஷமா ரூமுக்கு வந்தா, தாம்பாளம் நாற்காலியில! எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. "யாருடி உள்ள போனது?"ன்னேன். ஒண்ணும் மறைக்காம எல்லாத்தையும் சொன்னா. கடைசியில, "ஒரு தடவை தொட்டியைப் பாருங்க சார்"னா. "தொட்டி கிடக்கட்டும், தீட்டோட படியேறினியே, உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்!"னு கேட்டேன். மஞ்சள் தண்ணி கரைச்சு ரூம் பூரா தெளிச்சேன், கீபோர்டு மேலயும் நல்லாத் தெளிச்சேன். அதோட கீபோர்டு செத்துப்போச்சு. புதுசு வாங்க வேண்டியதாப் போச்சு, எல்லாம் அவளால.

இருட்டறதுக்குள்ள முதலாளி மெட்ராஸ்லேர்ந்து காரைப் போட்டுக்கிட்டு வந்துட்டார். ஊர்ல கரண்ட் போன சேதி போயிருக்கு, மனுஷன் வெலவெலத்துப்போய் இறங்கறார். நேரா தொட்டிக்குத்தான் ஓடினார். கலாதான் டம்ளர்ல மொண்டு வந்து குடுத்தா. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார், குஞ்சு துள்ளுது. "பொழைச்சுக்கிச்சுய்யா மூர்த்தி! பண்ணை பொழைச்சுக்கிச்சு!"ன்னு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். கண்ணுல தண்ணி அவருக்கு, எனக்கும்தான். அப்புறம் கேட்டார், "கரண்ட் போனப்ப ரூம்ல யாருய்யா இருந்தா?"

அவ அங்கதான் நிக்கறா, டம்ளரை வாங்கிக்க. நான் என்ன சார் சொல்லட்டும்? நல்ல நாளும் அதுவுமா, தீட்டுக்காரி உள்ள போயி பூஜையைக் கலைச்சுட்டான்னு சொல்லி அவர் மனசைக் கெடுக்கவா? தாம்பாளம், பட்டன்னு ஆரம்பிச்சா அது எங்கெங்கயோ போகும். "யாரும் இல்லைங்க, அதுவே போட்டுக்கிச்சு. எல்லாம் நாம பண்ணின பூஜை"ன்னேன். மறுநாள் மறுபூஜையில கலசத்துல போட்ட மாலையை எடுத்து என் கழுத்துல போட்டார், எல்லாரும் கை தட்டினாங்க.

அவ கை தட்டலை. அவ வரவே இல்லை. முதல் நாள் நான் அப்படிச் சொன்னப்ப என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க. கோபமா பார்த்திருந்தாகூடப் பரவாயில்லை. ஏதோ அட்ரஸ் மாறி வந்த வீட்டைப் பார்க்கற மாதிரி பார்த்தா. டம்ளரைக் கழுவிக் கவுத்தி வச்சா, போயிட்டா. ஒரு வார்த்தை சொல்லாம கொள்ளாம இப்படி வேலையை விட்டு நின்னுட்டா அது ஒழுங்கா சார்? பொரி, சுண்டல் எல்லாம் அவளுக்குன்னு தனியா கட்டி வச்சிருந்தேன். நமுத்துப்போச்சு.

அவளுக்குப் பதிலா ரெண்டு பொண்ணுங்களைப் போட்டிருக்கேன். கரண்ட் போனா தலையைக்கூடத் தூக்கிப் பார்க்க மாட்டாளுங்க, போனை நோண்டிக்கிட்டே இருப்பாளுங்க. நான்தான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் எச்சிக் கையோட ஓடி வர்றேன். ஒவ்வொரு தடவையும் பயமா இருக்கு சார். உண்மையைச் சொல்றேன், ஜெனரேட்டர் சத்தம் கேக்கற வரைக்கும் உசுரு என்கிட்ட இல்லை.

இவ்வளவுதான் நடந்தது. கூட்டல் குறைச்சல் இல்லை. இனிமே நீங்களே யோசிச்சு... என்ன, போனை எடுக்கறீங்க? யாருக்கு? அவளுக்கா? வீட்டுக்குப் போயி நிதானமா பேசலாமே, காபிகூட இன்னும் வரலை. என்ன சார் இது, "திங்கக்கிழமையே வந்துடும்மா"ங்கறீங்க! நான் இத்தனை நேரம் சொன்னதைக் காதுல வாங்கினீங்களா இல்லையா? தொடாதேன்னு சொன்னதைத் தொட்டவ சார் அவ!

சரி. சரி, உங்க இஷ்டம். கொஞ்சம் போனை இப்படிக் குடுங்க, ஒரே ஒரு வார்த்தை. இங்க அவ எடம் அப்படியேதான் இருக்குன்னு... இல்லை, வேண்டாம். வேண்டாம் சார், குடுக்காதீங்க. என்ன கேக்கறா? பக்கத்துல பேசறது யாருன்னு கேக்கறாளா?

யாரும் இல்லைன்னு சொல்லிடுங்க.